விழுந்து எழுந்த ‘மேரி’... மேயர் எப்போது வருவார்?

பாண்டிச்சேரிக்குப் போனால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். காந்தி சிலையின் கீழ் நின்று ஒரு போட்டோ, கடலைப் பார்த்தபடி ஒரு செல்ஃபி, பிறகு ஐஸ்க்ரீம். போன முறை குடும்பத்தோடு போயிருந்தபோது நாங்களும் அதைத்தான் செய்தோம். அப்புறம் கடற்கரைச் சாலையிலேயே தெற்குப் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தோம். வளைவுகளும் தூண்களுமாகக் கடலைப் பார்த்தபடி ஒரு வெள்ளை மாளிகை நின்றது.

“இது என்ன சர்ச்சா? மேரி பில்டிங்னு சொல்றாங்களே, மாதா கோயிலா?” என்று அம்மா கேட்டார்.

அம்மாவுக்கு மட்டும் வரும் சந்தேகம் இல்லை இது. பக்கத்திலேயே ‘கப்ஸ் கோயில்’ என்று ஊர் மக்கள் அழைக்கும் தேவாலயமும் இருப்பதால், குழப்பம் வருவது இயல்புதான். ஆனால், இந்த ‘மேரி’க்கும் மாதாவுக்கும் சம்பந்தம் இல்லை. பிரெஞ்சு மொழியில் ‘மேர்’ என்றால் மேயர். மேயரின் அலுவலகம் ‘மேரி’. நம் பாஷையில் சொன்னால் நகராட்சி மன்றம்!

இதற்கு இன்னொரு பிரெஞ்சுப் பெயரும் உண்டு: ‘ஓத்தெல் தெ வீல்’. இதைக் கேட்டுவிட்டு, “இங்கே தோசை கிடைக்குமா?” என்று யாரும் விசாரிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் பிரெஞ்சில் ‘ஓத்தெல்’ என்றால் பெரிய மாளிகை. ஊருக்குச் சொந்தமான மாளிகை என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம்.

பாரிஸில் எரிந்தது, பாண்டியில் எழுந்தது

இந்த மாளிகை கட்டப்பட்டது 1870-71-ல். அதே 1871-ம் ஆண்டு மே மாதம், பாரிஸ் நகரத்தின் ‘ஓத்தெல் தெ வீல்’ உள்நாட்டுக் கலவரத்தில் தீக்கிரையானது. நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த ஆவணங்களும் அதோடு சாம்பலாகின. தாய் நாட்டில் நகர மன்றம் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் நம் கடற்கரையில் ஒன்று எழுந்திருக்கிறது!

பாரிஸ்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வெளித்தோற்றத்தைப் பழைய மாதிரியிலேயே மறுபடி கட்டி, 1882-ல் திறந்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்ப்பது அந்த இரண்டாவது கட்டடத்தைத்தான். பாண்டிச்சேரி மேரியின் தலையிலும் அப்படியே எழுதியிருந்தது, என்ன... அதற்கு 140 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

மழையில் சரிந்த மாளிகை

கடற்கரையோரம் நிற்கும் பழைய கட்டடத்துக்கு எதிரிகள் அதிகம். உப்புக் காற்று சுவரை அரிக்கும். சுண்ணாம்புக் காரையில் விரிசல் விட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். மரச் சட்டங்கள் ஊறி உளுத்துப்போகும். வருஷா வருஷம் பார்த்துப் பார்த்துச் செப்பனிட்டால்தான் தாக்குப்பிடிக்கும். அந்தக் கவனிப்பு குறைந்தால் என்ன ஆகும்?

2014 நவம்பர் 29. வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த நேரம். மேரி இடிந்து விழுந்தது. தினமும் அந்த வழியாக வாக்கிங் போனவர்களுக்கு, வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பறிகொடுத்த மாதிரி இருந்திருக்கும்.

அந்த இடத்தில் கண்ணாடி பதித்த புதிய கட்டடம் ஒன்று வந்திருக்கலாம். நல்லவேளை, அப்படி நடக்கவில்லை. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டுவது என முடிவானது. உலக வங்கியின் நிதியுதவியோடு, சுமார் 15 கோடி ரூபாய் செலவில் புதிய மேரி எழுந்தது. 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் நரேந்திர மோடி அதைத் திறந்துவைத்தார்.

நாற்காலி காலி!

கட்டடம் திரும்பி வந்துவிட்டது. அதில் உட்கார வேண்டியவர்கள்?

இங்கே கொஞ்சம் சரித்திரம் தேவைப்படுகிறது. 1880-லேயே பிரெஞ்சு அரசு இங்கே ‘கொம்யூன்’ எனும் நகராட்சிகளை ஏற்படுத்தி, தேர்தலும் நடத்தியது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்ற உறுப்பினர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி, இந்தியாவோடு இணைவதா வேண்டாமா என்று வாக்களித்தது யார் தெரியுமா? பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் இந்த நகராட்சிகளின் உறுப்பினர்களும்தான். மொத்தம் 178 பேர். இணைப்புக்கு ஆதரவாக 170 வாக்குகள், எதிராக வெறும் 8. அதே ஆண்டு நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. மேரி இருக்கும் கடற்கரைச் சாலைக்கு ‘குபேர் சாலை’ என்று பெயர். இங்கே மேயராக இருந்து, பின்னாளில் முதலமைச்சரும் ஆன எதுவார் குபேரின் நினைவாக வைத்த பெயர் அது.

ஆக, இந்த ஊரின் தலைவிதியை முடிவு செய்ததில் உள்ளூர் கவுன்சிலர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்த பிறகு, அடுத்த தேர்தல் வந்தது 38 ஆண்டுகள் கழித்து, 2006-ல்! அதில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. மறுபடி இடைவெளி. கோடிகள் செலவழித்து மேரி திறக்கப்பட்ட நாளிலும், அதில் அமர மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு தலைவர் இல்லை.

தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்றால் கதவைத் தட்டி, “நான்தானே உனக்கு ஓட்டுப் போட்டேன்” என்று உரிமையோடு கேட்க ஒருவர் வேண்டாமா? அதற்குத்தானே ‘ஊருக்குச் சொந்தமான மாளிகை’?

நீங்கள் போனால்...

மேரி கிழக்கே கடலைப் பார்த்து நிற்பதால், காலைச் சூரியன் நேராக அதன் முகத்தில் விழும். படம் எடுக்க அதுதான் அருமையான நேரம். மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. குழந்தைகளையும் பெரியவர்களையும் நிம்மதியாக நடக்கவிடலாம். அப்படியே 1836-ல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

கிளம்பும்போது அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “வீட்டைக் கட்டி, வெள்ளையடிச்சு, விளக்கும் போட்டாச்சு. குடித்தனம் வைக்கத்தான் ஆள் இல்லை” என்றார்.

இதைவிட யாரும் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது!