இடிக்காம இருக்க வழி உண்டா?

எங்கள் தாத்தா கட்டிய மண் வீட்டில் விரிசல் விழுந்துவிட்டது. "சரிபண்ற காசுல புதுசே கட்டிடலாம், இடிச்சிடலாம்" என்கிறார் அப்பா.

புதுச்சேரி வைசியாள் வீதியிலும் திண்ணை வைத்த பழைய வீடுகளுக்கு இதே கதிதான். 2002-04இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு ஒரு திட்டம் வந்தது. முகப்பைச் சரிசெய்யும் செலவில் பாதி திட்டத்தின் பணம், பாதி வீட்டுக்காரர் பணம். தெரு பிழைத்தது! 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

அமெரிக்காவில் வரிச்சலுகையே உண்டு. வாடகைக்கு விடும் பாரம்பரியக் கட்டடத்தைப் பழமை கெடாமல் புதுப்பித்தால், செலவில் 20 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்.

வீடு ஒருத்தருக்கு, அழகு ஊருக்கே. அப்போ செலவிலும் பங்கு தருவது நியாயம்தானே? நம்ம ஜவ்வாது மலைக்கும் இப்படி ஒண்ணு வரட்டும். அதுவரைக்கும் இடிக்க வேணாம்னு அப்பாகிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்கேன்.