ஆறு ஓட்டங்களில் கைநழுவிய கோப்பை

பந்தயத்தில் தோற்றுவிட்டு வாடிய முகத்தோடு வீடு திரும்பும் பிள்ளையிடம் நாம் முதலில் என்ன சொல்கிறோம்? "அந்தப் பந்தை நீ தூக்கி அடித்திருக்க வேண்டாமே!" என்பதுதான் பெரும்பாலும் நம் வாயில் வருகிறது. ஏற்கெனவே அதையே நினைத்து மருகும் பிள்ளைக்கு இது வெந்த புண்ணில் வேல். இப்படிச் சொல்லுமுன் பெற்றோர் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டியவர், நமது கர்நாடக ஆட்டக்காரர் மணீஷ் பாண்டே.

இவரும் நம்மைப் போல் வெளியிலிருந்து வந்து இம்மண்ணில் வேரூன்றியவர்தான். பிறந்தது நைனிடாலில், தந்தை ராணுவத்தில் பணியாற்றியவர். 2009 மே மாதம், பத்தொன்பது வயதில், ஐ.பி.எல். போட்டியில் சதம் அடித்த முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். பாராட்டு குவிந்தது. சோதனையும் விரைவிலேயே வந்தது.

2010 ஜனவரியில் மைசூர் கங்கோத்ரி மைதானத்தில் ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி மும்பை. வெற்றிக்கு 338 ஓட்டங்கள் தேவை. மூன்று விக்கெட்டுகளை இழந்து கர்நாடகம் தடுமாறியபோது, இருபது வயதுப் பாண்டே கணேஷ் சதீஷைத் துணையாகக் கொண்டு 144 ஓட்டங்கள் குவித்தார். அவர் ஆட்டமிழந்ததும் அணி சரிந்தது. 331 ஓட்டங்களில் எல்லோரும் அவுட். ஆறு ஓட்டங்களில் கோப்பை மும்பைக்குப் போயிற்று.

"அவர் மட்டும் இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால்..." என்று சொல்வது எளிது. ஆனால் முதல் இன்னிங்ஸில் மும்பையின் 233க்கு எதிராகக் கர்நாடகம் மொத்தமே 130தான் எடுத்தது. தோல்விக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது. கடைசியில் கண்ணில் படுபவர்மீது பழி போடுவது நம் வழக்கம். கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்கிறது.

அந்தப் பருவத்தில் 882 ஓட்டங்கள் எடுத்தும் இந்திய அணியின் கதவு பாண்டேக்கு உடனே திறக்கவில்லை. 2015 ஜூலை வரை, ஐந்தரை ஆண்டுகள், காத்திருந்தார். இதற்கிடையில் வினய் குமார் தலைமையில் கர்நாடகம் 2014இல் ரஞ்சிக் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டும் வென்றது, அதுவும் தமிழ்நாட்டைத் தோற்கடித்து! எந்தப் பக்கம் கைதட்டுவது என்று நம்மில் பலருக்குத் தர்மசங்கடம்.

2014 ஜூன் 1 அன்று நமது சின்னசாமி மைதானத்தில் ஐ.பி.எல். இறுதி ஆட்டம். கொல்கத்தா அணிக்காக ஐம்பதே பந்துகளில் 94 ஓட்டங்கள் அடித்த பாண்டே, இம்முறையும் வெற்றிக்கு முன்பே ஆட்டமிழந்தார். ஆனால் பின்னால் வந்தவர்கள் ஆட்டத்தை முடித்து வைத்தார்கள். மைசூரில் கிடைக்காதது இங்கே கிடைத்தது. ஒருவர் எவ்வளவு சுமந்தாலும், கரை சேர்ப்பது கூட இருப்பவர்களும் சேர்ந்துதான்.

2016 ஜனவரியில் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியாவின் இலக்கு 331. மைசூரில் கர்நாடகம் நின்றுபோன அதே எண்! இம்முறை பாண்டே ஆட்டமிழக்காமல் 104 எடுத்து, கடைசிவரை நின்று வெற்றி தேடித் தந்தார்.

ஆறு ஆண்டுகள் ஆயின. வளர்ச்சி ஒரே இரவில் வருவதில்லை. அதன்பின்னும் அவர் அணியில் இடம் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. எல்லாத் தோல்விக்கும் ஒரு சிட்னி காத்திருக்கும் என்று பிள்ளைகளிடம் நாம் பொய் சொல்ல வேண்டாம். தோற்று வந்த நாளில் கணக்குக் கேட்காமல் சாப்பாடு போடுவோம். மறுநாள் காலை பயிற்சிக்கு நேரத்தில் எழுப்பி விடுவோம். பெற்றோராகிய நம்மால் ஆவது அதுதான். அது சிறிய காரியமன்று.