மார்க்கும் சர்க்யூட் போர்டும்

பொறியியல் படிப்புக்கு ஆள் எடுக்கும் கல்லூரிகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு வகையில் மதிப்பெண்களைக் கணினி வரிசைப்படுத்துகிறது. மற்றொன்றில் விண்ணப்பத்தை ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். மார்க் சுமார், ஆனால் கையால் செய்து காட்டியவை பலமானவை என்ற நிலையில் உள்ள மாணவருக்கு முதல் வகையில் வழியே இல்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் கட்ஆஃப் 200: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொட்டை மாடியில் ட்ரோன் கட்டிப் பறக்கவிட்டவருக்கும் ஸ்க்ரூ டிரைவரையே தொடாதவருக்கும் ஒரே கணக்குதான். ஐஐடிகளில் நிலைமை இன்னும் கடுமை. ஜேஇஇயில் நல்ல ரேங்க் வந்தாலும் பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும். அல்லது அந்தந்த போர்டில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். இந்த முறையைத் திட்டுவது சுலபம். ஆனால் சிபாரிசுக் கடிதத்துக்கும் அப்பாவின் பதவிக்கும் இங்கே மதிப்பில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆள் படிக்கும் முறைக்குப் பெயர்போனது அமெரிக்கா. அங்குள்ள எம்ஐடி 2013 முதல் ‘மேக்கர் போர்ட்ஃபோலியோ’ என்ற கூடுதல் தொகுப்பை ஏற்கிறது. மாணவர் தாம் உருவாக்கிய கருவி, நிரல், இயந்திரம் பற்றிய படங்களையும் சிறு காணொளியையும் விளக்கத்தையும் அதில் சேர்க்கலாம். கட்டாயமில்லை. தொழில்நுட்பம் அறிந்தவர்கள் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளி போன்ற வேறு சில இடங்களிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு.

இதைக் கேட்டதும், செயல்திட்டம் நன்றாக இருந்தால் மார்க்கை மன்னித்துவிடுவார்கள் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது தப்புக் கணக்கு. எம்ஐடியில் எந்தத் துறையில் சேர்ந்தாலும் கால்குலஸ் இரண்டு பருவம், இயற்பியல் இரண்டு பருவம், அவற்றோடு வேதியியலும் உயிரியலும் கட்டாயம். கொரோனா காலத்தில் தளர்த்தியிருந்த எஸ்ஏடி, ஏசிடி தேர்வு நிபந்தனையை அந்தக் கல்வி நிறுவனம் 2022இல் மீண்டும் கொண்டுவந்தபோது சொன்ன முக்கியக் காரணமும் இதுதான்: கணிதப் பாரத்தை மாணவர் தாங்குவாரா என்பதை அந்த மதிப்பெண் இல்லாமல் கணிக்க முடியவில்லை. விண்ணப்பிப்போரில் 100க்கு ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைக்காத கல்லூரி அது. மார்க்கும் திறமையும் சேர்ந்தே உள்ளவர்கள் வரிசையில் ஏராளமாக நிற்கிறார்கள்.

ஆகவே குறைந்த மார்க் எழுப்பும் சந்தேகம் என்ன என்று பார்க்க வேண்டும். ‘இவருக்கு அறிவு உண்டா’ என்று யாரும் கேட்பதில்லை. பிடிக்காத பாடத்தையும் பருவம் முழுக்க இழுத்துக்கொண்டு போவாரா என்பதே கேள்வி. அழகான ரோபோவால் மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மார்க் எங்கே, எப்போது குறைந்தது என்பதைப் பொறுத்தே பதில் அமையும். மொழிப்பாடத்திலும் வரலாற்றிலும் சறுக்கி, கணிதத்திலும் இயற்பியலிலும் நிமிர்ந்து நிற்கும் மார்க்ஷீட்டுக்குச் செயல்திட்டம் நல்ல துணை. ஒன்பதாம் வகுப்பில் விழுந்து பன்னிரண்டில் எழுந்ததும் அப்படியே. அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டு மதிப்பெண்களையும் கேட்பதால் இந்த ஏற்றம் கண்ணில் படும். கணிதத்திலேயே தொடர்ந்து சறுக்கல் என்றால் எந்த சர்க்யூட் போர்டும் காப்பாற்றுவது கடினம். வீட்டில் நோய், இடமாற்றம் போன்ற காரணம் இருந்தால் அதை மாணவர் புலம்புவதைவிடப் பள்ளியின் கடிதம் இரண்டு வரியில் சொல்வது மேல்.

செயல்திட்டத்திலும் தரம் பிரிப்பார்கள். ஆர்டுயினோ பலகையில் சென்சாரைச் செருகி, இணையத்தில் கிடைத்த நிரலை ஏற்றி, செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி என்று காட்டுவது இன்று கிட் வாங்கும் எவராலும் முடியும். சென்னை ரிச்சி தெருப் பக்கம் கல்லூரி புராஜெக்ட்டையே முழுதாகக் கட்டிக்கொடுக்கும் கடைகள் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். பொறியாளர் ஒருவர் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். அவர் தேடுவது வேறு: முதல் வடிவம் ஏன் எரிந்தது, இரண்டாவதில் மாணவர் எதை மாற்றினார், அந்த மோட்டாரை எந்தக் கணக்கின்படி தேர்ந்தெடுத்தார், குழுவாகச் செய்ததில் இவர் பங்கு எது. தேதியிட்ட குறிப்பேடும் கிட்ஹப்பில் மாதக்கணக்கில் பதிவான திருத்தங்களும் பளபளக்கும் காணொளியைவிட அதிகம் பேசும். டிஜிட்டல் வடிகட்டியை வடிவமைக்க ஃபூரியர் உருமாற்றத்தைத் தாமாகப் படித்து, அதைப் பிழையின்றி விளக்கும் மாணவர் கணிதச் சந்தேகத்துக்கும் பாதி பதில் சொல்லிவிடுகிறார்.

மாணவரை நேரில் வரவழைத்துப் பார்ப்பதும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1997இல் தொடங்கிய ஓலின் பொறியியல் கல்லூரி, முதல் கட்டத் தேர்வில் தேறியவர்களை வார இறுதியில் அழைத்துக் குழுவாக ஒரு பொருளைச் செய்யச் சொல்லி, நேர்காணலும் நடத்தி வந்தது. கடையில் வாங்கிய புராஜெக்ட் அங்கே செல்லாது. என்றாலும் முதல் கட்டத் தேர்வில் மார்க்கும் பார்க்கப்படும்.

வெளியார் அளந்து சொன்ன திறமைக்கு எடை எப்போதும் அதிகம். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட மும்பை மாணவி ஒருவர் 2016இல் எம்ஐடியில் சேர்ந்தார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐஐடிக்கு அவர் முயல முடியவில்லை. சென்னை கணிதவியல் கழகம் மட்டும் அவரைப் படிக்க அனுமதித்திருந்தது. அவருக்குக் கைகொடுத்தவை சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் வாங்கிய இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலப் பதக்கங்கள்.

நேர் வழியில் கதவு திறக்காதவர்களுக்குச் சுற்றுவழி உண்டு. கலிஃபோர்னியாவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்து அரசுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறுவது பழகிய பாதை. அப்போது முக்கியமாகப் பார்க்கப்படுவது கல்லூரி மதிப்பெண்தான், பள்ளிக்கூடத்துக் கணக்கு அல்ல. குறிப்பிட்ட தகுதி பெற்றால் இடம் உறுதி என்ற திட்டமும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்களில் இருக்கிறது. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் அதில் சேரவில்லை. சேர்ந்த வளாகங்களிலும் பொறியியல் பிரிவுகள் பலவற்றுக்குக் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. இந்தியாவில் சென்னை ஐஐடியின் இணையவழி பிஎஸ் படிப்புகளில் சேர ஜேஇஇ தேவையில்லை. சில வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். 2020இல் தொடங்கிய தரவு அறிவியலுக்குப் பின் மின்னணு அமைப்புகள் படிப்பும் வந்திருக்கிறது. அங்கும் நுழைவாயிலில் யாரும் செயல்திட்டத்தைக் கேட்பதில்லை, தேர்வு மதிப்பெண்ணைத்தான் கேட்கிறார்கள்.