வெந்நீருக்கு முன் ஐந்து நிமிஷம்

காலையில் எழுந்து குளியல் அறைச் சுவிட்சைத் தட்டிவிட்டு, பல் தேய்த்து முடிப்பதற்குள் உங்கள் வீட்டில் வெந்நீர் தயாராகிவிடுகிறது அல்லவா? பாக்கியசாலிதான் நீங்கள்! அந்த வெந்நீரைப் பற்றி ஒரு நாளாவது யோசித்திருப்பீர்களா? நானும் யோசித்ததில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் மகனும் மருமகளும் என்னை ஒரு சக்கர வீட்டில் ஏற்றிக் கொண்டுபோய், கிராண்ட் கான்யன் என்னும் மகா பள்ளத்தாக்கின் விளிம்பில் இறக்கிவிடும் வரையில் அந்தக் கவலையே எனக்கு இருந்ததில்லை.

சக்கர வீடு என்றதும் சர்க்கஸ் வண்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். காரின் பின்னால் கொக்கி போட்டு மாட்டி இழுத்துச் செல்லும் வண்டி அது. டிரெய்லர் என்கிறார்கள். பத்தொன்பது அடி நீளத்துக்குள் படுக்கை, சாப்பாட்டு மேஜை, அடுப்பு, பாத்திரம் தேய்க்கும் தொட்டி, ஐஸ் பெட்டி எல்லாம் அடக்கம். குளியல் அறையும் உண்டு. நம் வீட்டுப் பூஜை அலமாரியைவிட ஒரு சாண் அகலம் கூட இருக்கலாம்! என் பிள்ளை இதை யாரோ உபயோகித்த பழைய வண்டியாகப் பார்த்து வாங்கியிருந்தான். முன்புறத்தில் கொக்கிக்கு மேலே இரண்டு காஸ் சிலிண்டர்கள் காவல் பொம்மைகள் மாதிரி நின்றன. அடுப்பு, ஐஸ் பெட்டி, வெந்நீர் எல்லாவற்றுக்கும் ஆதாரம் அந்த இரண்டும்தான்.

நாங்கள் தங்கிய இடத்தின் பெயர் மாதர் முகாம். மாதர்களுக்கென்று ஒதுக்கிய இடம் போலிருக்கிறது என்று எண்ணிச் சந்தோஷப்பட்டேன். அப்படி அல்லவாம். அமெரிக்கத் தேசியப் பூங்கா இலாகாவுக்கு முதல் தலைவராக இருந்த ஸ்டீபன் மாதர் என்பவரின் பெயராம் அது! சுற்றிலும் பைன் மரங்கள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் ஏழாயிரம் அடி உயரம். அதாவது ஏறக்குறைய நம் உதகமண்டலத்தின் உயரம். அங்கே வண்டிகளுக்கு மின்சார இணைப்பும் கிடையாது, குழாய் இணைப்பும் கிடையாது. பொதுக் குழாயில் பிடித்து வண்டித் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். அக்டோபர் மாதம். சூரியன் மலைவாயில் விழுந்ததுமே குளிர் எலும்பைத் தொட்டுவிட்டது. எட்டு மாதப் பேரனுக்கோ மூக்கடைப்பு. வழியில் சாப்பிட்டதையெல்லாம் வேறு கக்கி, உடம்பெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தான். வெந்நீர் உடனே வேண்டும்.

"இதோ, ஒரு நிமிஷத்தில் ஏற்றிவிடுகிறேன்" என்று தீப்பெட்டியும் கையுமாக எழுந்தான் என் பிள்ளை.

"தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, பார்த்தீர்களா?" என்றாள் மருமகள்.

அவன் பார்க்கவில்லை. அவள் வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். 'புஸ், புஸ்' என்று காற்றுத்தான் வந்தது. பம்பைப் போட்டுக் காத்திருந்தோம். குழாயில் தண்ணீர் தடங்கலில்லாமல் ஒழுகத் தொடங்கிய பிறகே வெந்நீர்த் தொட்டி நிறைந்ததாக அர்த்தம். வெறும் தொட்டியின் கீழ் நெருப்பை வைத்தால் தொட்டி பாழ். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்காரியோடு பேசப் போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

அந்த வெந்நீர்த் தொட்டியைப் பார்த்ததும் எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் பாட்டி வீட்டில் செப்புப் பாய்லர் இருந்தது. நடுவில் ஒரு குழாய், அதில் கரி போடுவோம், சுற்றிலும் தண்ணீர். இதுவும் அதே தத்துவம்தான்! தொட்டிக்குள்ளே வளைந்து போகிற ஒரு குழாய். கரிக்குப் பதில் காஸ் ஜுவாலை அதற்குள் பாய்கிறது. சுமார் 23 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நெருப்பு வைக்கும் வாய் மட்டும் வண்டிக்கு வெளியே, ஒரு சிறிய கதவுக்குள் இருக்கிறது. காற்றை வெளியிலிருந்தே இழுத்துப் புகையை வெளியிலேயே விட்டுவிடும்.

வெளியே போன பிள்ளையாண்டான் கதவைத் திறந்து, குமிழைத் திருகி அமுக்கிக்கொண்டு தீக்குச்சியைக் கிழித்தான். காற்று அணைத்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. ஏழெட்டுக் குச்சிகள் போயின. குமிழை அமுக்கிய கையை மட்டும் அவன் எடுக்கவில்லை. எடுக்கவில்லையா, காஸ் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது! அடுத்த குச்சி பற்றியதுதான் தாமதம், 'பக்'கென்று ஒரு சத்தம். அந்தச் சிறிய வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நெருப்பு நாக்கு வெளியே வந்து போயிற்று. வலக்கை ரோமமும் ஒரு புருவத்தில் பாதியும் கருகின. கையில் கொப்புளம் இல்லை. நல்ல வேளை.

நான் அலறிவிட்டேன். ஏன் அப்படி அலறினேன் என்று அவனுக்குத் தெரியாது. நான் பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பம்ப் ஸ்டவ் வெடித்தது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண். எனக்குக் கோலம் போடச் சொல்லிக்கொடுத்தவள். அன்றைக்குக் கேட்ட குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு காஸ் அடுப்பு வந்த பிறகுகூட, வெகு நாள் வரையில் என் கணவர்தான் காலையில் அதை ஏற்றித் தருவார். வெளியில் சொன்னால் வெட்கம்!

என் மருமகள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போனாள். குமிழை அடியோடு மூடினாள். "ஐந்து நிமிஷம் யாரும் கிட்டே போகக்கூடாது" என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குழந்தை குளிரில் வீறிட்டு அழுகிறது. இவள் மணி பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று எனக்கு வந்ததே கோபம்! மாமியார் அல்லவா? வாய் வரைக்கும் ஒரு சொல் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம் ஆனதும் அவள் செய்த காரியம் இன்னும் விசித்திரம். மண்டியிட்டுக் குனிந்து, தரையோடு தரையாக மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். "புரொபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அத்தை. மேலே போகாது, தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தேங்கும். நின்றுகொண்டு மோந்தால் தெரியாது" என்றாள். வண்டிக்குள்ளேகூட காஸ் கசிந்தால் கத்தும் மணியைத் தரைக்குப் பக்கத்தில்தான் பொருத்தியிருக்கிறார்கள். மேலே மாட்டினால் பிரயோஜனம் இல்லை. உங்கள் சமையல் அறையில் காஸ் வாசனை வந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள். விளக்குச் சுவிட்சைத் தொடாமல், ஜன்னலோடு வாசல் கதவையும் நன்றாகத் திறந்து வையுங்கள். தரையில் கிடக்கும் காஸ் ஜன்னல் வழியே ஏறிப் போகாது.

புரொபேன் என்பது நம் காஸிலும் உண்டு. நம் சிலிண்டரில் புரொபேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. பியூட்டேன் பனி உறையும் குளிரில் ஆவியாகாமல் திரவமாகவே படுத்துக்கொண்டுவிடும். புரொபேனோ பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி வரையில் சளைக்காது. அதனால்தான் குளிர்ப் பிரதேசங்களில் அதற்கு மதிப்பு. 1910-ஆம் ஆண்டு வால்ட்டர் ஸ்னெல்லிங் என்னும் அமெரிக்க ரசாயன நிபுணர், பெட்ரோலிலிருந்து ஆவியாகிப் போவது என்ன என்று ஆராயப் புகுந்து, அதில் இந்தப் புரொபேனைக் கண்டுபிடித்தார்.

இன்னொரு விஷயம். இந்த வாயுவுக்குச் சொந்தமாக வாசனையே கிடையாது! அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி அடிக்கிறதே, அது வேண்டுமென்றே சேர்த்த மருந்து. அதற்குப் பின்னால் ஒரு பெரிய சோகம் இருக்கிறது. 1937 மார்ச் 18-ஆம் தேதி டெக்ஸாஸில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் பூமியிலிருந்து எடுத்த இயற்கை வாயு கசிந்து தேங்கியிருந்தது. வாசனை இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கோ ஒரு பொறி. ஏறக்குறைய முந்நூறு பேர் போய்விட்டார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் வாயுவில் நாற்றம் சேர்த்தே தீர வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அந்த நாற்றத்தைப் பற்றி நான் முகம் சுளிப்பதே இல்லை, இப்போதெல்லாம்.

சரி, குளிரில் நின்ற மருமகளிடம் வருவோம். நீண்ட மூக்குள்ள லைட்டரை எடுத்துக்கொண்டாள். என் பிள்ளையைக் காற்று வரும் பக்கம் சுவராக நிறுத்தினாள். முதலில் லைட்டரை ஏற்றிக்கொண்டாள். பிறகே குமிழைப் 'பைலட்' என்ற இடத்துக்குத் திருப்பி அமுக்கினாள். வரிசை முக்கியம், சகோதரிகளே! நெருப்பு காத்திருக்கலாம், காஸ் காத்திருக்கக் கூடாது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குட்டி ஜுவாலை பிடித்தது. குமிழை விடாமல் அறுபது எண்ணினாள். விட்டாள். அணைந்துவிட்டது!

மறுபடி மூடு, மறுபடி ஐந்து நிமிஷம். இந்த முறை நான் கோபிக்கவில்லை.

எதற்காக அறுபது எண்ண வேண்டும்? ஜுவாலைக்குள் ஒரு சிறு உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு வேறு உலோகங்கள் சேர்ந்தது. சூடேறினால் அதில் துளி மின்சாரம் பிறக்கிறது. டார்ச் லைட்டில் போடும் செல்லில் இருப்பதில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான்! அந்தத் துளிதான் காஸ் வாசலைத் திறந்து பிடித்துக்கொள்கிறது. ஜுவாலை அணைந்தால் குச்சி ஆறிப்போகும். வாசல் தானே சாத்திக்கொள்ளும். குச்சி சூடேறும் வரையில் நம் விரல் அந்த வேலையைச் செய்ய வேண்டும். புது வண்டிகளில் இவ்வளவு கூத்து இல்லை. உள்ளே ஒரு சுவிட்ச். தானே பொறி தட்டிப் பற்றிக்கொள்கிறது. பற்றவில்லை என்றால் சிவப்பு விளக்குப் போட்டு ஓய்ந்துவிடும்.

அந்த ஐந்து நிமிஷத்தை அவள் வீணாக்கவில்லை. உள்ளே வந்து சமையல் அடுப்பை ஏற்றினாள். நெடுநாள் நின்ற வண்டியின் காஸ் குழாயில் காற்று புகுந்திருக்குமாம். அடுப்பு முதலில் தும்மி, பிறகு நிதானமாக எரிந்தால் காற்று வெளியேறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு வெளியே போய் ஏற்றினாள். குட்டி ஜுவாலை நின்றது! முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு குமிழைத் திருப்ப, பெரிய ஜுவாலையும் பிடித்தது. ஆனால் மஞ்சளாக, படபடவென்று, நுனியில் கரி கக்கிக்கொண்டு எரிந்தது.

குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. இந்த மஞ்சளை எனக்குத் தெரியும்! மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் அடைத்துக்கொண்டால் இப்படித்தானே எரியும்?

"அடைப்பு அம்மா, அடைப்பு! அணைத்துவிடு. பின் போட வேண்டும்" என்று கத்தினேன்.

அணைத்து, ஆறவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தால், காஸ் போகும் குழலின் வாய்க்குள்ளே ஒரு சிலந்தி அழகாக வெள்ளைக் கூடு கட்டியிருந்தது! காஸில் சேர்க்கும் வாசனை மருந்து சிலந்திகளுக்குப் பிடிக்கும் என்று அங்கே பலர் சொல்கிறார்கள். நமக்குப் பிடிக்காதது எதற்காவது பிடித்துத்தானே இருக்கிறது! சுத்தம் செய்ய அவ்வளவு மெல்லிய பிரஷ்ஷுக்கு எங்கே போவது? பேரனின் பால் புட்டியைக் கழுவும் பிரஷ்ஷைத் தியாகம் செய்தோம்.

அதன் பிறகு ஏற்றியபோது ஜுவாலை நீலமாக, 'ஹும்' என்று ஒரே சீராக எரிந்தது. அரை மணியில் வெந்நீர்.

அவசரப்பட்டுக் குழந்தையைக் குழாயடியில் பிடித்துவிடாதீர்கள். அந்தத் தொட்டியில் தண்ணீர் 60 டிகிரி வரைக்கும் ஏறுகிறது. குழந்தையின் தோலைச் சில விநாடிகளில் பொசுக்கிவிடும் சூடு அது. வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் விட்டு, பிறகு வெந்நீர் கலந்து, முழங்கையால் பார்த்துத்தான் குளிப்பாட்டினேன். குளித்த தண்ணீரும் வண்டியின் அடித் தொட்டிக்குத்தான் போகிறது; அது நிறைந்தால் ஆபத்து. ஆகவே பெரியவர்களுக்கு ஆளுக்கு அரை வாளி என்று ரேஷன் போட்டேன். வாளியும் சொம்பும் வைத்துக் குளிக்கிற வித்தை தெரிந்தவர்களுக்கு அரை வாளி தாராளம்! பூத்தூவலில் குளித்தே பழகிய என் பிள்ளைதான் திண்டாடினான்.

இரவு படுக்கும்போது, "அடுப்பை ஒன்று எரியவிடலாமே, கதகதப்பாக இருக்குமே" என்றான் அவன். மருமகள் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். வெந்நீர்த் தொட்டியின் புகை வெளியே போகிறது. சமையல் அடுப்பின் புகையோ நாம் மூச்சு விடும் இடத்திலேயே தங்குகிறது. மூடிய அறையில் அது கார்பன் மோனாக்ஸைடு என்னும் நஞ்சாக மாறினால் வாசனையும் வராது, இருமலும் வராது, தூங்கினவர்கள் தூங்கினபடியேதான். மூன்று போர்வைகளைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். பக்கத்தில் படுத்திருந்தவளிடம், கோலம் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்ணைப் பற்றி முதல் முறையாகச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் வெளியே வைத்திருந்த வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ் படர்ந்திருந்தது. இரவே வெந்நீர் அடுப்பை மூடியிருந்தோம். மருமகள் லைட்டரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இன்றைக்கு நீங்கள் ஏற்றுங்கள், அத்தை."

"என்னாலா? ஐயோ, வேண்டாம் அம்மா."

"நான் பக்கத்திலேயே நிற்கிறேன்."

தரையில் மண்டியிட்டேன். எழுபது வயது முழங்கால் முணுமுணுத்தது. குனிந்து மோந்து பார்த்தேன். பைன் சருகு வாசனைதான் வந்தது. முதலில் லைட்டர்; பிறகு குமிழ். குட்டி ஜுவாலை எழுந்தது. விரல் நடுங்க அமுக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நாற்பதுக்கு மேல் நடுக்கம் தெரியவில்லை. அறுபதுக்குப் பதில் எண்பது வரை எண்ணிவிட்டு விரலை எடுத்தேன்.

நின்றது.

குமிழைத் திருப்பினேன். 'ஹும்' என்று நீலமாகப் பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து பேரன் பசிக்கு அழ ஆரம்பித்தான். மருமகள் அவனைத் தூக்க ஓடினாள். நான் சிறிய கதவைச் சாத்திவிட்டு, காப்பிக்குப் பால் வைக்கப் போனேன்.