மந்திரக் கோட்டையின் பின்கட்டு

விருந்து ருசியாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலம் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே? அடுக்களைக்குள் நுழைந்து, "பாயசத்தில் என்ன போட்டீர்கள்? பால் எத்தனை படி?" என்று துருவுவானேன்?

ஸினிமாவைப் பற்றியும் இப்படிச் சொல்கிற கட்சி ஒன்று உண்டு. "திரையில் தெரிவதோடு நிறுத்திக்கொள், பின்னால் போய் எட்டிப் பார்த்தால் அட்டையும் ஆணியும்தான் இருக்கும்" என்பார்கள். உங்கள் வீட்டிலும் அந்தக் கட்சிக்காரர் ஒருவர் இருக்கக்கூடும். எங்கள் வீட்டில் இருப்பவர் என் கணவர்.

நான் எதிர்க் கட்சி. அதனால்தான் லண்டனில் இருக்கும் என் தங்கை, "கோடை விடுமுறைக்கு எல்லோரும் வாருங்கள். ஹாரி பாட்டர் ஸ்டூடியோவுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன்" என்று சொன்னவுடன், பக்கிங்ஹாம் அரண்மனையைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஹாரி பாட்டரை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டுமா, என்ன? ஜே. கே. ரௌலிங் என்ற பெண்மணி எழுதிய ஏழு நாவல்களின் கதாநாயகன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, வட்டக் கண்ணாடி, நெற்றியில் மின்னல்போல் ஒரு தழும்பு. பெரியம்மா வீட்டில் மாடிப்படிக்கு அடியில் உள்ள பொந்தில் படுத்துத் தூங்குகிறவனுக்குப் பதினோராவது பிறந்த நாளன்று தெரிகிறது, தான் ஒரு மந்திரவாதி என்று. ஹாக்வார்ட்ஸ் என்ற மந்திரப் பள்ளிக்கூடத்தில் சேரச் சொல்லி ஆந்தைகள் கடிதம் கொண்டுவருகின்றன. ஏழு நாவல்களும் எட்டுப் படங்களாக 2001 முதல் 2011 வரை வெளிவந்தன. கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து அந்த நாவல்களைப் படித்தவள் நான். இப்போது என் பெண் படிக்கிறாள். அவள் ஒளித்து வைப்பதில்லை, அதுதான் வித்தியாசம்.

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? என் பெண்ணுக்குப் பத்து முடிந்து பதினொன்று பிறக்க இரண்டே மாதம் இருந்தது. ஆந்தை வரும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இரவில் ஜன்னலைச் சாத்தினால் மட்டும் முகம் சுண்டிவிடும். "எல்லாம் பொம்மை என்று நீயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டப் போகிறாயா? அவளுடைய ஆந்தையைக் கொல்லப் பார்க்கிறாய்" என்றார் கணவர். அந்தப் பேச்சு விமானத்தில் ஏறிய பிறகும் என்னைக் குடைந்துகொண்டேதான் இருந்தது.

விமானக் கொட்டகையில் மந்திரப் பள்ளி

லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் இருபது நிமிஷத்தில் வாட்போர்டு ஜங்ஷன். அங்கிருந்து ஸ்டூடியோவுக்கென்றே தனி பஸ் ஓடுகிறது. லீவ்ஸ்டன் என்று ஊருக்குப் பெயர்.

அந்த இடத்துக்கு ஒரு பூர்வ ஜன்மம் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது மாஸ்கிட்டோ, ஹாலிபாக்ஸ் என்ற போர் விமானங்கள் தயாரான தொழிற்சாலை அது. பிற்பாடு ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி அங்கே ஹெலிகாப்டர் எஞ்சின்கள் செய்தது. தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, 1995-ல் வெளிவந்த 'கோல்டன் ஐ' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தை அங்கே எடுத்தார்கள். விமானம் செய்கிற கொட்டகையில் நடுவே தூண் இராது, கூரை உயரம். ஸெட் போடுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? 2000-ல் ஹாரி பாட்டர் கோஷ்டி வந்து இறங்கியது. பத்து வருஷம் அங்கேயே குடித்தனம்! வார்னர் பிரதர்ஸ் கம்பெனி 2010-ல் இடத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. பொது ஜனங்கள் பார்க்கும்படி 2012-ல் கதவைத் திறந்தார்கள்.

உள்ளே போனதும் முதலில் ஒரு சிறு படம் காட்டுகிறார்கள். அது முடிந்ததும் திரை இருந்த இடத்தில் பிரம்மாண்டமான கதவுகள்! "இன்று யாருக்குப் பிறந்த நாள்?" என்று கேட்டு, கை தூக்கிய குழந்தையைக் கொண்டே திறக்கச் சொல்கிறார்கள். திறந்தால், ஹாக்வார்ட்ஸ் போஜன மண்டபம். 120 அடி நீளம், 40 அடி அகலம். நீள மேஜைகள், சுவரில் பந்தம் தாங்கிகள், கோடியில் ஆசிரியர்களின் மேடை. ஆக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது.

என் பெண் முதல் காரியமாக அண்ணாந்து பார்த்தாள். கதைப்படி அந்த மண்டபத்தின் கூரையில் ஆகாசம் தெரிய வேண்டும்; நட்சத்திரம் மின்ன வேண்டும். அங்கே கூரையே இல்லை! விளக்குகளும் கம்பிகளும்தான். ஆகாசம் கம்ப்யூட்டர் வரைந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுதி முடியாது!

ஆனால் அவள் அடுத்தபடியாகக் குனிந்து தரையைத் தொட்டாள். "அம்மா, இது நிஜக் கல்!"

நிஜக் கல்தான். யார்க் கல் என்று அந்தத் தேசத்தில் பெயர் பெற்ற தளக் கல். கலை டைரக்டர் ஸ்டூவர்ட் கிரெய்க் (2025-ல் காலமானார்) அதைப் போடச் சொன்னபோது, இது என்ன வீண் செலவு என்று தோன்றியிருக்கும். பத்து வருஷம் எத்தனை கால்கள், எத்தனை காமிரா வண்டிகள்! அத்தனையையும் அந்தக் கல் தாங்கியது. இப்போது நம் செருப்புக் கால்களையும் தாங்குகிறது.

மிதக்கும் மெழுகுவத்திகளின் கதையைக் கேளுங்கள். முதல் படத்தில் நிஜச் சுடர் எரியும்படி செய்து, கண்ணுக்குத் தெரியாத கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்களாம். சுடரின் சூட்டில் கம்பி அறுந்து ஒவ்வொன்றாகக் கீழே விழ ஆரம்பித்துவிட்டது! அப்புறம்தான் அதையும் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார்கள். விருந்துக்கும் முதலில் நிஜச் சமையல்தான். விளக்குகளின் சூட்டில் பண்டமெல்லாம் கெட்டு நாற்றமெடுக்கவே, பின்னால் வந்த படங்களுக்கு நிஜப் பண்டங்களை உறையவைத்து, அச்செடுத்து, ரெஸின் என்ற பிசினை வார்த்துச் செய்துகொண்டார்கள். "அத்தனை சாப்பாட்டையும் கொட்டியா இருப்பாங்க?" என்று அம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

அம்மாவுக்குப் பிடித்த அடுக்களை

அம்மாவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே! அவளுக்கு ஹாரி பாட்டரும் தெரியாது, அவன் பரம விரோதியும் தெரியாது. பேத்திக்காக வந்தவள். ஆனால் அன்றைக்கு எங்கள் ஐந்து பேரில் அதிகம் அநுபவித்தவள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

நாற்பது வருஷம் தையல் மிஷின் மிதித்தவள் அல்லவா? உடுப்புகளின் முன்னால் நின்றவளை நகர்த்த முடியவில்லை. கதையில் வீஸ்லி குடும்பம் ஏழைக் குடும்பம். புது ஸ்வெட்டரைப் பின்னி, அதைத் தேய்த்து, நூல் பிரித்து, சாயத்தை மங்கவைத்துப் பழசாக்குவதற்கென்றே ஸினிமாவில் தனி ஆட்கள் உண்டு. ஒரே உடுப்பில் பல பிரதிகள் வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் கிழிசல் அதே இடத்தில் இருக்க வேண்டும். "புதுசு தைக்கிறதைவிட இது கஷ்டம்டி" என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

அந்த வீஸ்லி வீட்டு அடுக்களையும் அங்கே இருக்கிறது. எதிரே நின்று கையை அசைத்தால் வாணலி தன்னைத் தானே தேய்த்துக்கொள்கிறது. கத்தி தானே காய் நறுக்குகிறது. இஸ்திரிப் பெட்டி தானே ஓடுகிறது! "ஹாக்வார்ட்ஸெல்லாம் இருக்கட்டும். இந்த ஒரு ரூமை மட்டும் கட்டித் தருவாங்களான்னு கேளு" என்றாள் அம்மா. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி பாஷை புரியாமலே தலையாட்டிச் சிரித்தாள்.

ரசவாத வகுப்பின் அலமாரிகளில் நூற்றுக்கணக்கான கண்ணாடிக் குப்பிகள். உள்ளே பயங்கரமாக மிதப்பவை என்ன என்று விசாரித்தால், கசாப்புக் கடை எலும்பும், உலர்ந்த மூலிகையும், லண்டன் மிருகக்காட்சிச் சாலைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைகளும்! தலைமை ஆசிரியர் டம்பிள்டோரின் அறையில் தோல் அட்டை போட்ட கனத்த சாஸ்திரப் புத்தகங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அத்தனையும் பழைய டெலிபோன் டைரக்டரிகள். மந்திரக்கோல் கடையின் ஸெட்டுக்காகச் செய்த பெட்டிகள் மொத்தம் 17,000. ஒவ்வொன்றிலும் தனித் தனியே சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். காமிராவில் அந்த எழுத்து தெரியப்போகிறதா? தெரியாது. ஆனாலும் ஒட்டினார்கள்.

ஒரு நாழிகை உட்கார்ந்து, 'பட்டர்பியர்' என்ற கதைப் பானத்தைக் குடித்தோம். நுரையும் தித்திப்புமாக ஒரு கோப்பை. எனக்கு இரண்டாவது வாய் இறங்கவில்லை. தங்கை புளியோதரை கொண்டுவந்திருந்தாளோ, பிழைத்தோம். நீங்கள் போவதானால் ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: வாசலில் போய் நின்று டிக்கெட் வாங்க முடியாது, பல வாரங்கள் முன்னாலேயே வாங்கிவைக்க வேண்டும். விலையும் சற்றுக் கடுமைதான். கடைசியில் இருக்கும் கடையின் விலைகளைப் பற்றியோ நான் பேசாமல் இருப்பதே மேல்.

கதையில் வரும் சிவப்பு ரயில் முழுசாக அங்கே நிற்கிறது. 'ஆல்டன் ஹால்' என்ற நிஜ நீராவி எஞ்சின், 1937-ல் செய்தது. "அட்டையும் ஆணியும்" கட்சித் தலைவர் அதன் சக்கரத்தருகே குனிந்தவர் கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "'சந்திரலேகா'விலே முரசு மேலே ஆடினாங்களே, அந்த முரசு ஒண்ணாவது இருக்கா?" என்று கேட்டாள். அந்தப் படம் 1948-ல் வந்தது. ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று அது இல்லை. மேம்பாலத்துக்கு ஜனங்கள் வைத்த பெயரில்தான் ஜெமினி மிஞ்சியிருக்கிறது. வடபழனியில் ஏவி.எம். நிறுவனத்தார் 2023-ல் பழைய காமிராக்களையும் கார்களையும் வைத்து ஒரு காட்சிச்சாலை திறந்தார்கள். அதைச் சொன்னேன். "முரசைக் கேட்டேன்" என்றாள் அம்மா.

ஆந்தைக்குக் கனமான கடிதம்

ஆந்தைச் சமாசாரத்துக்கு வருகிறேன். ஹாரியின் வெள்ளை ஆந்தை ஹெட்விக் கதையில் பெண். நடித்த ஆந்தைகளோ ஆண்கள்! அந்த ஜாதியில் ஆண்தான் நல்ல வெள்ளையாக இருக்குமாம். நம் பழைய நாடகக் கம்பெனிகளில் ஆண் பிள்ளைகள் ஸ்திரீ பார்ட் போட்டதுபோலத்தான். மாதக் கணக்கில் பழக்கி, நிஜ ஆந்தைகளே கடிதம் சுமந்து பறந்தன.

அந்தக் கடிதங்களையும் பார்த்தோம். கெட்டிக் காகிதம், பச்சை மசி, சிவப்பு மெழுகு முத்திரை. அதை ஆந்தையால் தூக்க முடியவில்லையாம். லேசான காகிதத்தில் வேறு தயாரித்தார்கள். வீடு முழுவதும் கடிதமாகப் பறக்கும் காட்சிக்காகச் சுமார் 10,000 கடிதங்கள் அச்சிட்டார்கள். என் பெண் அந்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை. மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டு வெகு நேரம் நின்றாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியாகக் கோட்டை! ஹாக்வார்ட்ஸின் மாதிரி வடிவம். நிஜத்தில் இருபத்து நாலில் ஒரு பங்கு. அப்படியும் ஐம்பது அடி அகலம். 86 கலைஞர்கள் சேர்ந்து செய்தது. 2,500 சின்னஞ்சிறு விளக்குகள். அறையில் மெல்ல வெளிச்சம் குறைந்து, நீலம் பரவி, ஜன்னல் ஒவ்வொன்றிலும் தீபம் தெரிந்தபோது, அத்தனை நேரம் கூச்சலிட்ட குழந்தைகள் ஓய்ந்தார்கள். இதைச் செய்யவும் திருத்தவும் ஆன மணிகளையெல்லாம் கூட்டினால் 74 வருஷத்துக்கு மேல் ஆகுமாம். ஒரு மனுஷாளின் முழு ஆயுசு! என் கையை யாரோ பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் கணவர்.

வெளியே போகும் வழியில் ஓர் அறை. சுவர் கொள்ளாமல் மந்திரக்கோல் பெட்டிகள், நாலாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். நடிகர்கள் மட்டுமல்ல, அந்தப் படங்களில் வேலை செய்த தச்சர், தையற்காரர், வர்ணம் அடித்தவர் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி. என் பெண் கழுத்து வலிக்க ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். "பாட்டி, இதிலே மெழுகுவத்தி கட்டினவங்க பேரு எது?" என்றாள். "எல்லாத்தையும் படி, ஒண்ணு விடாமே" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். பாதிச் சுவர் ஆவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அன்றிரவு தங்கை வீட்டில் முதல் படத்தை மறுபடி போட்டார்கள். விருந்துக் காட்சி வந்தது. "நிறுத்து சித்தி! இந்தச் சாப்பாடு நிஜம். இப்போ நாறிட்டிருக்கும்!" என்று ஒரே கும்மாளம். நான் மெதுவாகக் கணவரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படுக்கப் போகும்போது என் பெண் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தாள். பிறகு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, ரகசியம் சொல்வதுபோல் சொன்னாள்:

"அப்பா, என் பிறந்த நாளுக்கு வர்ற லெட்டர் மெல்லிசுக் காகிதத்திலே இருக்கட்டும். கெட்டிக் காகிதம்னா, பாவம், ஆந்தை தூக்காது."