ஒரு செட் மாத்திரைக்குள் இத்தனை அதிசயமா! தெரியுமா?

கிருமிக்கு எமனும், அந்த எமனுக்கே டிமிக்கி கொடுக்கிற வித்தையும் ஒரே ஊரில், ஒரே வருடத்தில் வெளிச்சத்துக்கு வந்தன, தெரியுமா? ஊர் லண்டன். வருடம் 1928!

செப்டம்பரில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விடுமுறை முடிந்து செயின்ட் மேரீஸ் மருத்துவமனைக்குத் திரும்புகிறார். கிருமி வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சணம் பூத்திருக்கிறது. அதைச் சுற்றி இருந்த கிருமிகள் காலி! பென்சிலின் பிறந்த இந்தக் கதை பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்துவிடும். ஆனால் அதே வருடத் தொடக்கத்தில் ஃபிரெடரிக் கிரிஃபித் வெளியிட்ட சமாச்சாரம்தான் தூக்கிவாரிப் போடும். நிமோனியா கிருமியில் கொல்லும் ரகம் ஒன்று, சாது ரகம் ஒன்று. கொல்லும் ரகத்தைச் சூடாக்கிச் சாகடித்து எலிக்கு ஊசி போட்டார். எலிக்கு ஒன்றுமே ஆகவில்லை. சாது ரகத்தைப் போட்டார். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் கலந்து போட்டார். எலி செத்தது! ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் உள்ளே உயிரோடு இருப்பது கொல்லும் ரகம்!

செத்த கிருமியிடமிருந்து உயிருள்ள கிருமி கொலைத்தொழிலை வாங்கிக்கொண்டிருக்கிறது! கைமாறிய பொருள் டிஎன்ஏதான் என்று நியூயார்க்கில் ஆஸ்வால்ட் ஏவரியின் குழு காட்டியது 1944-இல். அதைக் காண கிரிஃபித் இல்லை. 1941-இல் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் பலியாகியிருந்தார். நமக்கு மரபணு அப்பா அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். கிருமிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவது மாதிரி அடுத்த கிருமியிடமிருந்து, வேற்று இனக் கிருமியிடமிருந்துகூட, வாங்கிக்கொள்ளும். மருந்தை எதிர்க்கும் மரபணுவும் இப்படித்தான் ஊர் ஊராகப் பரவுகிறது.

பென்சிலினைச் சிறுநீரிலிருந்து வடித்தெடுத்த காலம் ஒன்று இருந்தது, தெரியுமா? 1941 பிப்ரவரி, ஆக்ஸ்ஃபோர்டு. ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு முகமெல்லாம் சீழ், ஒரு கண்ணே போய்விட்டது. பென்சிலின் ஏற்றினார்கள். ஆள் தேறத் தொடங்கினார்! ஆனால் கைவசம் இருந்த மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரைப் பிடித்து, அதிலிருந்த பென்சிலினைப் பிரித்து, மறுபடி அவருக்கே ஏற்றினார்கள். சில நாளில் அதுவும் தீர்ந்தது. மார்ச் 15 அன்று இறந்துபோனார். இன்று நம் தெருமுனையில் என்ன நடக்கிறது? “அண்ணே, ரெண்டு நாளா ஜுரம், தொண்டை வலி. ஒரு செட் குடுங்க.” கத்தரிக்கோல் அட்டையை வெட்டுகிறது. ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், சின்னக் கவரில். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதி இருக்கும், காலாவதித் தேதி மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும்.

இப்படியும் நடக்கும் என்று ஃபிளெமிங்கே 1945-இல் நோபல் உரையில் எச்சரித்துவிட்டார், தெரியுமா? கடையில் யார் வேண்டுமானாலும் பென்சிலின் வாங்கும் நாள் வரலாம், அரைகுறை அளவில் சாப்பிடுவார்கள், கிருமி பழகிக்கொள்ளும் என்றார். அந்தப் பழக்கத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்! 2016-இல் ஹார்வர்டு விஞ்ஞானிகள் இரண்டடிக்கு நான்கடியில் ஒரு ராட்சதத் தட்டு செய்தார்கள். கறுப்பான கூழ்ப்பரப்பு. இரு ஓரங்களிலும் மருந்தே இல்லை. உள்ளே போகப் போக மருந்தின் அளவு பத்துப் பத்து மடங்காக ஏறும், நடுவே ஆயிரம் மடங்கு! ஓரத்தில் ஈ.கோலை கிருமியை விட்டார்கள். வெள்ளையாகப் படர்ந்து வந்து முதல் எல்லையில் நின்றது. கொஞ்ச நேரம் அசைவே இல்லை. அப்புறம் ஒரே ஒரு புள்ளி எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் விரிந்தது. அடுத்த எல்லையிலும் அதே கதை. சுமார் 11 நாளில் நடுப்பகுதியையும் பிடித்துவிட்டது! காணொளி இணையத்தில் இருக்கிறது. பேய்ப்படமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதற்காக, கிருமி இந்த வித்தையை நம்மிடம்தான் கற்றது என்று நினைத்துவிட வேண்டாம். கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டாக உறைந்து கிடந்த மண்ணில் பென்சிலின் வகை மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் கிடைத்தன. வித்தை பழசு, கூட்டம் சேர்த்துக் கொடுத்தது நாம்!

வைரஸ் காய்ச்சலுக்குப் பென்சிலின் ஏன் பலிக்காது தெரியுமா? அது தாக்குவது பாக்டீரியாவின் சுவரை. நம் செல்லுக்குச் சுவர் கிடையாது, அதனால் நாம் தப்புகிறோம். வைரஸுக்கும் சுவர் கிடையாது, அதுவும் தப்புகிறது! இந்த வைரஸை வெளியாள் என்றும் சொல்லிவிட முடியாது. நம் டிஎன்ஏவில் சுமார் 8 சதவீதம் பழைய வைரஸ்கள் விட்டுப்போன சொத்து. நஞ்சுக்கொடி உருவாக உதவும் ஒரு மரபணுவே அப்படி வந்ததுதான்!

ஒரே மரபணு நோயாகவும் காப்பாகவும் ஆவதுண்டு, தெரியுமா? ரத்தச் சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைக்கும் அரிவாள் செல் மரபணு இந்தியாவில் முதன்முதலில் தெரியவந்தது நம் நீலகிரியில், 1952-இல், அங்கிருக்கும் பழங்குடி மக்களிடம். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து காப்பு!

இனி மெட்ராஸ். 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் ஒரு கேள்வி கேட்டது: சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டுக் கொடுக்கும் அதே மாத்திரையை, நெரிசலான வீட்டில் அரைவயிற்றோடு இருப்பவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? 1959-இல் பதில் வந்தது. குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை! வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. உலகமே சானடோரியங்களை மூட ஆரம்பித்ததில் இந்த மெட்ராஸ் ஆய்வுக்குப் பெரிய பங்கு. மாத்திரையை விழுங்கினார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வெற்றியின் ரகசியம் முட்டையும் பாலும் அல்ல, தவறாமல் விழுங்கியதுதான் என்பது என் கட்சி.

அங்கேயே இன்னொரு ஆச்சரியம்! ஐசோனியாசிட் என்ற அதே காசநோய் மாத்திரையைச் சிலரது ஈரல் வேகமாகச் செயலிழக்கச் செய்துவிடும், சிலருக்கு உடம்பில் நெடுநேரம் தங்கும். எல்லாம் ஒரு மரபணு செய்கிற வேலை. வாரம் ஒருமுறை மருந்து கொடுத்துப் பார்த்தபோது வேகக்காரர்களுக்குப் பலன் குறைந்தது. மெதுவானவர்களுக்கோ கைகால் மரத்துப்போகும் வாய்ப்பு அதிகம். காசநோய் மாத்திரையோடு பி6 வைட்டமின் தருவது அதற்காகத்தான்.

மரபணு செய்கிற வேலை இதோடு நிற்கவில்லை. ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு மலேரியாவின் பிரைமாக்வின் மாத்திரை ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். ஆரிய வைசிய சமூகத்தில் சிலருக்கு, அறுவைசிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் சில நிமிடத்தில் இறங்காமல் மணிக்கணக்கில் நிற்கும், செயற்கைச் சுவாசம் தேவைப்படும். அன்றாட வாழ்க்கையில் இந்தக் குறை தெரியவே தெரியாது! அத்தைக்குக் கேட்ட மாத்திரை எனக்கும் கேட்கும் என்று யார் சொன்னது? மயக்க மருந்து டாக்டர் “உங்க வீட்ல யாருக்காவது மயக்கத்துல பிரச்சினை வந்திருக்கா?” என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. சில மாத்திரை அட்டைகளின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு ஓடும், பார்த்திருக்கிறீர்களா? டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக்கூடாது என்று அர்த்தம். 2016-இல் மத்திய அரசு இதற்காகப் பிரசாரமே நடத்தியது. கத்தரிக்கோல் பட்டால் அந்தக் கோடும் காணாமல் போகலாம்! செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக்கைப் போல, சட்டத்தின் ஹெச்1 பட்டியலில் உள்ள மருந்தாக இருந்தால், கடையில் தனி நோட்டு வைத்து டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் எழுதி, மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். போன தடவை நீங்கள் வாங்கியபோது கடைக்காரர் உங்கள் பெயரைக் கேட்டாரா?