கல்லுப்பும் மெழுகுதிரியும் போதும்!
நீர்வர்ணத்தில் திருமலைக் கடல்

திருகோணமலைப் பிள்ளையிடம் கடலை வரையச் சொல்லிப் பாருங்கள். குறுக்கே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே முழுவதும் ஒரே நீலம். வரைந்த பிள்ளை யன்னலுக்கு வெளியே பார்க்கும், பிறகு தன் படத்தைப் பார்க்கும். "எனக்குக் கீற வராது" என்று தாளைக் கசக்கி எறிந்துவிடும்.

சகோதரிகளே, அந்த நேரத்தில்தான் நீங்கள் குறுக்கிட வேண்டும். குறை பிள்ளையின் கையில் இல்லை. கடலுக்கு நிறம் மட்டுமல்ல, மினுக்கமும் உண்டு. பாறைக்குச் சொரசொரப்பு உண்டு. மணலுக்குப் பருக்கை உண்டு. இவற்றைத் தாளில் கொண்டுவரும் வழிகளைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும். அதற்கான சாமான்களில் பெரும்பகுதி உங்கள் குசினியிலேயே இருக்கிறது.

முதலில் தாள்

சாதாரண சித்திரக் கொப்பித் தாள் நீர் பட்டதும் நெளிந்துவிடும். நீர்வர்ணத்துக்கென்றே விற்கும், சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள சொரசொரப்பான தாளில் ஒன்று வாங்கி நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கல்லுப்பு

வர்ணத்தைத் தாராளமாக நீர் விட்டுப் பூசுங்கள். ஈரத்தின் பளபளப்பு மங்கத் தொடங்கும் வேளையில் சில உப்புக்கற்களைத் தூவுங்கள். உப்பு நீரை உறிஞ்சும்போது வர்ணம் இடம்பெயர்ந்து, வெளிறிய பூக்கள் போன்ற அடையாளங்கள் தோன்றும். அலை நுரைக்கும் பாசி படிந்த கல்லுக்கும் இது பொருந்தும். நன்றாகக் காய்ந்த பின் உப்பைத் தட்டி அகற்றிவிடுங்கள். மிஞ்சினால் ஈரத்தை இழுத்துப் படத்தைக் கெடுக்கும்.

நமது காலநிலையையும் கவனியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தாள் விரைவில் உலர்ந்துவிடும். உப்பைக் கையில் வைத்துக்கொண்டே வர்ணம் பூச வேண்டும். மாரி மழையில் தாள் இலகுவில் காயாது, பொறுமை வேண்டும்.

மெழுகுதிரி

உள்துறைமுகத்தில் காலை வெயில் பட்டுத் தெறிக்கும் ஒளியை வரைய வேண்டுமா? வர்ணம் பூசுமுன் வெள்ளை மெழுகுதிரியால் அந்த இடங்களில் இலேசாகத் தேயுங்கள். மெழுகு பட்ட இடத்தில் நீர் ஒட்டாது, தாளின் வெண்மையே ஒளியாகிவிடும். தேய்த்த மெழுகை அழிப்பது கடினம். ஆகவே அளவோடு தேய்க்க வேண்டும்.

பொலித்தீனும் பழைய பற்தூரிகையும்

ஈர வர்ணத்தின் மேல் மெல்லிய பொலித்தீனைக் கசக்கி வைத்து, காயும் வரை விட்டுவிடுங்கள். எடுத்துப் பார்த்தால் கோணமலைப் பாறையின் வெடிப்புகள் தெரியும். பற்தூரிகையில் வர்ணம் தொட்டு விரலால் தெறித்தால் நிலாவெளி மணல் வந்துவிடும்.

சுரண்டல்

காய்ந்த படத்தைப் பிளேட் முனையால் சுரண்டினால் அடியிலுள்ள வெண்தாள் வெளிப்படும். அயர்லாந்து ஓவியர் அன்ட்ரூ நிக்கல் காட்டுப் பூக்களையும் புற்களையும் இவ்விதம் சுரண்டி எடுப்பதில் பேர் பெற்றவர். 1846இல் இலங்கைக்கு வந்த அவர், இன்று ரோயல் கல்லூரி எனப்படும் கொழும்பு அகடமியில் சித்திரம் கற்பித்தார். பிளேட் வேலையைச் சிறுவரிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டுவிடாதீர்கள். ஒரு படத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கறிக்கு உப்புப் போலத்தான் இதுவும்.

உயிருள்ளவற்றை வரைவதைத் தவிர்க்கும் குடும்பங்கள் நம்மில் பல உண்டு. கல்லும் கடலும் மணலும் கோட்டைச் சுவரும் அந்தப் பிள்ளைகளுக்கு ஆயுள் முழுவதும் போதுமான பாடங்கள்.

ஆங்கிலேய ஓவியர் சாமுவேல் டானியல், ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து தெரியும் நமது துறைமுகத்தை வரைந்து 1808இல் அச்சிட்டு வெளியிட்டார். அன்றைய துறைமுகத்தை இன்று நாம் அவருடைய கண்ணால் பார்க்கிறோம். ஆனால் 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை நம்மவர்கள் ஏறிச் சென்ற 'பாதை' உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? உம்மும்மாவைப் பக்கத்தில் இருத்தி, அவர் சொல்லச் சொல்லப் பிள்ளையை வரையவிடுங்கள். அந்தத் துறையின் நீரும் மணலும் அவர் நினைவில் இருக்கும்போதே தாளில் ஏறட்டும்.